நீ ஏறாத யானை

அன்புள்ள கனகா,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. இந்த வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் போடுவது உன் அப்பாவின் வேலை. கடை மூடியதும் கல்லாப்பெட்டி மேலேயே கார்டை வைத்து, 'இங்கு யாவரும் சுகம்' என்று எழுதிவிடுவார். அந்த யாவரிலும் நான் ஒருத்தி என்பதால், தனியாக நான் வேறு எழுத வேண்டுமா என்று இத்தனை மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். நீ கவரைப் பிரித்துக் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எழுதிக்கொண்டே வந்தால் கடைசியிலாவது தைரியம் வரும் என்று நினைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை உன் அப்பா உன்னைத் தூத்துக்குடியில் பார்த்துவிட்டுத் திரும்பினார். பின்கட்டுக் குழாயில் கால் கழுவிக்கொண்டே, குனிந்தபடி, "கனகா முழுகாம இருக்கா" என்றார். நான் சொம்பும் கையுமாக நின்றேன். எத்தனை மாதம் என்று கேட்டேன். மூன்று என்றார். பிறகு துண்டை எடுத்துக் காலைத் துடைத்தபடி, "பிரசவமெல்லாம் சாத்தூர்லயே பார்த்துக்கிடுவாக. சித்திக்கு எதுக்குச் சிரமம்னு அவளே சொல்லிட்டா" என்றார். சாத்தூர் பெரியம்மா உன்னைப் பெற்றவளின் கூடப்பிறந்தவர். தூத்துக்குடிக்கும் பக்கம். அதில் தப்புச் சொல்ல யாராலும் முடியாது. நானும் சரி என்றுதான் சொன்னேன். சாப்பாடு போட்டேன். அவர் தூங்கிய பிறகு மாடிக்குப் போய் நின்றேன். கீழே குடோனிலிருந்து மிளகாய் நெடி வந்துகொண்டிருந்தது. ரயில் யார்டில் நிலக்கரி வண்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். நீ போனதிலிருந்து இந்தச் சத்தங்களெல்லாம் எனக்குத் தனித்தனியாகக் கேட்கின்றன. முன்பு எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாக இருக்கும், அதற்கு நடுவில் நீ மாடிப்படி ஏறி வருவது மட்டும் தனியாகக் கேட்கும். நாம் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் ஒருவர் பேசாமல் இருப்பதற்குக் கூட இன்னொருவர் வேண்டியிருக்கிறது, கனகா.

சித்திக்கு எதுக்குச் சிரமம். நாலு நாளாக இந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவுடனே, உனக்கு என் வீடு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் முதுமலைக் காட்டுக்குப் போனது ஞாபகம் வந்தது. அன்றும் நீ ஒன்று சொன்னாய், நான் அதை வேறாக எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ தாவணி போட ஆரம்பித்திருந்தாய். திருவொற்றியூரில் கமிஷன் மண்டியில் எடை போடுகிறவரின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள். பி.ஏ. படித்ததாலேயே நம் ஜனத்தில் எனக்கு மாப்பிள்ளை அமையவில்லை. எனக்கு மேல் படித்தவன் வரதட்சணை கேட்டான், படிக்காதவன் பயந்தான். கடைசியில் மண்டிக்குச் சரக்கு எடுக்க வந்த உன் அப்பா, மனைவி போய் இரண்டு வருஷமான உன் அப்பா, பெண் கேட்டார். படித்தவள் வருகிறாள், உனக்குப் பாடம் சொல்லித் தருவாள், நாலு பேரிடம் நன்றாகப் பேசுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ காலேஜிலேயே எழுதித்தான் பழக்கம். வாய் திறந்து பேச வராது. நீ என்னைச் சித்தி என்று கூப்பிட்டாய், மரியாதையாக நடந்துகொண்டாய், சாப்பிட்ட தட்டைக் கூட நான் எடுக்க விடமாட்டாய். விருந்துக்கு வந்தவளிடம் நடப்பது மாதிரி. அதைக் குறை என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

நீ பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் உன் அப்பா என்ன வேண்டும் என்று கேட்டார். கல் வைத்த கம்மல் கேட்பாய் என்று நினைத்திருந்தார். நீ, காட்டில் யானை பார்க்க வேண்டும் என்றாய். ஹார்பரில் ஒரு குட்டி யானையின் வயிற்றில் பட்டை கட்டிக் கிரேனால் தூக்கிக் கப்பலில் இறக்கியதை நீ பார்த்திருந்தாயாம். அது நாலு காலையும் காற்றில் உதைத்துக்கொண்டே போனதாம். "அது தரையில நடக்கிறதை ஒருதரம் பார்க்கணும்ப்பா" என்றாய். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறது என்ன, மேலேயே ஏற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்னால்தான் அந்தப் பழைய கறுப்பு பிளஷர் காரை வாங்கியிருந்தார். டிரைவர் எட்டியப்பன் காசிமேட்டுக்காரர், கட்டுமரத்தை விட்டு ஸ்டியரிங் பிடித்தவர்.

புறப்படும் காலையில் எட்டியப்பன் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே கருப்பட்டிச் சிப்பங்கள். பனை ஓலை வைத்துக் கட்டியவை. இடம் போதாமல் ஒன்று நம் கால் மாட்டிலும் இருந்தது.

"இன்னா மொதலாளி, ஊர் சுத்திப் பாக்கப் போறமா, லோடு அடிக்கப் போறமா?"

"வெறும் வண்டி ஓட்டினா வண்டியே சிரிக்கும்ல. ஊட்டியில நாலு கடை இருக்கு. போற வழிதானே" என்றார் உன் அப்பா. சாத்தூரிலிருந்து மூட்டை சுமந்து வந்து ராயபுரத்தில் மொத்தக் கடை வைத்தவர். சும்மா போகிற வண்டியைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது. ஊட்டியில் ஒருவரும் வாங்கவில்லை. அந்தக் குளிரில் அவர்கள் டீக்கு வெள்ளைச் சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறார்கள். விலையைக் குறைத்துத் தள்ளிவிடவும் உன் அப்பாவுக்கு மனசில்லை. சிப்பங்களும் நம்மோடு காட்டுக்கு வந்தன.

பின் சீட்டில் உனக்கும் எனக்கும் நடுவில் டிபன் கேரியர் இருந்தது. நீதான் அதை அங்கே வைத்தாய். உன் பக்கம் ஜன்னல், என் பக்கம் ஜன்னல், நடுவில் புளிச்சாதம். அந்தப் புளிச்சாத வாசனை எனக்கு ஆகவில்லை. அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, கனகா. யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை. கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டில், நான் போய் இதை எப்படிச் சொல்வது? உன் முகத்தை எப்படிப் பார்ப்பது? இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். கூடலூர் இறக்கத்தில் வண்டி வளைந்து வளைந்து போனபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். மலைப்பாதையில் எல்லோருக்கும் வருவதுதான் என்றார் உன் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "எட்டியப்பண்ணே, மெதுவாப் போங்க. எனக்குத் தலை சுத்துது" என்றாய். யானை மேலே ஏறப்போகிறவளுக்குத் தலை சுற்றுகிறதாம் என்று முன் சீட்டில் இரண்டு பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். டிபன் கேரியரை எடுத்து உன் காலடியில் வைத்துக்கொண்டாய். அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

காடு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மூங்கில் புதர்கள், முறம் முறமாக இலை விட்ட தேக்கு, சாலையோரம் நின்று நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மேயப் போன புள்ளிமான்கள். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி ஒரு காட்டெருமை. எட்டியப்பன் வண்டியை நிறுத்தி, "எங்க ஏரியாவுல இருந்தா இதான் பேட்டைக்கே தாதா" என்றார். இஞ்சினை அணைத்தபோது ஒரு நிசப்தம் வந்தது பார், அதுதான் எனக்கு நன்றாக ஞாபகம். பிறந்ததிலிருந்து எனக்கு மில் சங்கும் ரயிலும் அலையும் இல்லாத ஒரு நிமிஷம் கிடையாது. எல்லோரும் அதை அழகு என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. உள்ளே இருக்கிற இரகசியம் வெளியே கேட்டுவிடும் போல இருந்தது.

தெப்பக்காட்டு யானை முகாமில் காட்டிலாகாக் காவலர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து மூக்கை உறிஞ்சினார். உள்ளே என்ன என்று கேட்டார். கருப்பட்டி என்று உன் அப்பா சொன்னதும், அந்த மனிதர் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றார். யானைகள் இருக்கிற இடத்துக்கு இதைக் கொண்டுவரலாமா, எடுத்து எதிரே இருக்கிற கொட்டகையில் போட்டுப் பூட்டுங்கள் என்றார். முன்பின் தெரியாதவர் பூட்டில் சரக்கை விட்டுப் பழக்கமில்லாத உன் அப்பா, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம் என்று சொல்லிச் சமாளித்தார்.

சவாரி யானை ஆற்றங்கரையில் நின்றது. நாலு பேர் உட்காரலாம், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. வழியெல்லாம் நீ எட்டியப்பனிடம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தாய், பாகனுக்குப் பின்னால் முதல் இடம் உனக்கு என்று. ஏணியில் கால் வைக்கப் போன நீ, திரும்பி என்னைப் பார்த்தாய். நான் அடுத்து ஏறுவதற்காகப் புடவையைச் செருகிக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நீ காலைக் கீழே வைத்துவிட்டாய்.

"எனக்குப் பயமா இருக்குப்பா. நான் ஏறலை. சித்தி எனக்குத் துணைக்கு இருக்கட்டும்."

உன் அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றார். கோபம் கூட வந்தது. நீ அசையவில்லை. கடைசியில் அவரும் எட்டியப்பனும் ஏறிக்கொண்டு போனார்கள். போகும்போது எட்டியப்பன் மேலேயிருந்து, "பாப்பா, கடல்ல கூட இப்டி ஆடாது" என்று கத்தினார். நான் உன் பக்கத்தில் நின்று என்ன நினைத்தேன் தெரியுமா? என்னோடு ஒரே யானையில் உட்காரப் பிடிக்காமல்தான் இந்தப் பெண் இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். காரில் ஏறி என் பக்கத்து ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். நீயும் வந்து உன் பக்கம் உட்கார்ந்தாய். அந்தக் காட்டில் நம் இரண்டு பேரைத் தவிர அப்போது யாரும் இல்லாத மாதிரி இருந்தது. அவ்வளவு தனியாக நான் என்றும் இருந்ததில்லை.

முதலில் சங்கிலிச் சத்தம் கேட்டது. மேயவிட்டிருந்த முகாம் யானை ஒன்று, கயிறு மாதிரி சங்கிலியை இழுத்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவிலிருந்து நேராக நம் காருக்கு வந்தது. அவசரமே இல்லை அதற்கு. டிக்கியில் தும்பிக்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளியது. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. நான் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அப்போதுதான் நீ என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாய்.

"குனியாதீங்க சித்தி. வயித்தை இடிச்சுக்காதீங்க. நேரா உட்காருங்க."

யானையை விட அந்த வார்த்தைக்குத்தான் நான் நடுங்கினேன். அதற்குள் தும்பிக்கை உன் ஜன்னலில் நுழைந்துவிட்டது. நீ எனக்கும் அதற்கும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்து, காலடிச் சிப்பத்தின் கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்தாய். ஒரு கருப்பட்டியை எடுத்து நீட்டினாய். உன் வாய், உன் அப்பா புதுக் கடைக்காரரிடம் பேசுகிற அதே குரலில், "உடன்குடிச் சரக்கு. மண்ணு கிடையாது. வேணும்னா உடைச்சுப் பாரும்" என்றது. அது வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. மறுபடி நீட்டியது. "பிடிச்சிருக்கா? அப்ப இன்னும் ரெண்டு எடுத்துக்கிடும்" என்றாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்தச் சிப்பம் தீரும் வரைக்கும் நீ திரும்பி என்னைப் பார்க்கவில்லை. உன் முதுகு என் மேல் சாய்ந்திருந்தது. பாகன் ஓடிவந்து அதட்டி அதன் காதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே சாய்ந்திருந்தாய்.

உன் அப்பா வந்து, வெற்று ஓலையையும் நெளிந்த டிக்கியையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று இருந்தோம். "ஊட்டிக்காரன் வாங்கலை, ஆன வாங்கிக்கிச்சு மொதலாளி" என்றார் எட்டியப்பன். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மைசூர் வரைக்கும் அதே பேச்சு. நீ பயந்தாங்கொள்ளி, யானை உன்னைத் தேடி வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். நீ ஆமாம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டே வந்தாய். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்கும் தெரியும். அன்று இரவு சத்திரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தோம். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அந்தக் குழந்தை தங்கவில்லை. ஐப்பசி மழையில் அது போயிற்று. அதைப் பற்றி விரிவாக எழுதமாட்டேன், நீயும் அப்போது இந்த வீட்டில்தான் இருந்தாய். சாத்தூர் பெரியம்மா வந்து பத்து நாள் இருந்தார், நன்றாகவே பார்த்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் சமையலறையில், "காடு மேடெல்லாம் சுத்தினா எப்படித் தங்கும்?" என்று அவர் யாரிடமோ சொன்னபோது நீ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாய். நான் படுத்திருந்த இடத்திலிருந்து உன் கை நின்றது தெரிந்தது. அதற்குப் பிறகு நீ இந்த வீட்டில் எதுவுமே கேட்டதில்லை. கண்காட்சிக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாய். தீபாவளிக்கு எந்தப் புடவை என்றால் எது ஆனாலும் சரி என்பாய். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான். கேட்டு வாங்கிய ஒரு பயணத்தால் ஒரு உயிர் போனது என்று நீ நினைத்துக்கொண்டாய்.

அது அப்படி இல்லை, கனகா. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் தெளிவாகச் சொன்னார். வண்டியில் போனதாலோ, ஆடியதாலோ இல்லை. பயணம் போகாமல் வீட்டிலேயே படுத்திருந்தாலும் அது தங்கியிருக்காது என்றார். அன்றைக்கே நான் எழுந்து வந்து உன்னிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு உதவவில்லை. சொன்னால் அந்தப் பேச்சு எங்கே போகுமோ என்று கூச்சம். என் கூச்சத்துக்கு நீ இத்தனை நாள் விலை கொடுத்திருக்கிறாய். இப்போது எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தை மட்டுமாவது நீ இரண்டு முறை படிக்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வயதும் போதாது, உரிமையும் போதாது. ஆனாலும் ஒன்று. உடம்பில் என்ன இருந்தாலும் மாப்பிள்ளையிடம் வாய் திறந்து சொல். தலை சுற்றினால் எனக்குச் சுற்றுகிறது என்று சொல். மற்றவர்களுக்காக உன் ஆசையைப் பயம் என்று பெயர் மாற்றிச் சொல்லாதே. அன்று நீ அப்படிச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை வழக்கமாக்கிக்கொண்டால், கொஞ்ச நாளில் உனக்கு என்ன வேண்டும் என்பதே உனக்கு மறந்துபோகும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

அதனால்தான் சித்திக்கு எதுக்குச் சிரமம் என்று நீ சொன்னதை, நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். சாத்தூர்தான் உனக்கு வேண்டுமென்றால் அதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் அம்மா பிறந்த வீடு அது. ஆனால், குழந்தை தங்காத என் முன்னால் வயிற்றோடு நடமாடக் கூடாது, என் மனசு நோகும் என்று நினைத்து நீ சாத்தூர் என்று சொல்லியிருந்தால், அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். என் கை ராசியில்லாத கை என்று சிலர் சொல்வார்கள். உன் காதிலும் விழுந்திருக்கும். அதை நம்புகிறாயா என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. அன்று யானைக்கு முன்னால் தன் உடம்பையே எனக்குத் தடுப்பாக வைத்தவளிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை.

நான் உன் அப்பாவைக் கேட்கவில்லை. சாத்தூரையும் கேட்கவில்லை. அவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்வதற்கு நான் சரி என்றுதான் சொல்வேன், என் வாய் அப்படிப்பட்டது. உன்னை மட்டும் கேட்கிறேன். தலைப்பிரசவத்துக்கு ராயபுரத்துக்கு வா, கனகா. மற்றப் பெண்களின் அம்மாக்கள் போவது போல, ஏழாம் மாதம் வளையல் போட்டு உன்னை அழைத்துக்கொண்டு வர, நான் தூத்துக்குடிக்கு வரட்டுமா?